எட்டாம் படியைத் தாண்டாமல் மாஸ்டர்ஸ் இல்லை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். வயது 41. பி.எஸ்சி. முடித்து, அதற்கு மேல் ஒரு வருடம் பிஜிசிஇ என்ற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் படிப்பைச் செய்து, 16 வருடமாக ஆரம்பப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறார். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழும் சொல்லிக்கொடுக்கிறார். அவர் கேட்டது இது: "அமெரிக்காவில் என் சித்தி மகள் இரண்டு மாஸ்டர்ஸ் பட்டங்களைச் சேர்த்து ஒரே மூச்சில் படிக்கிறாள். அதுபோல எம்.எட்., எம்.பி.ஏ. இரண்டையும் நான் இங்கே சேர்த்துப் படிக்கலாமா? இல்லை, நேராக டாக்டரேட்டுக்கே போக வழி உண்டா? என் 16 வருட அனுபவத்துக்கு ஏதாவது மதிப்பு கொடுப்பார்களா? இந்த வயதில் பணம் எங்கே கிடைக்கும்?"

டீச்சர், டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் பல வருடம் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தவன் நான். உங்களைப் போல எத்தனையோ பேர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் பட்டத்தின் பெயரைத்தான் கேட்பார்கள். பெயரை விடுங்கள். அது எந்தப் படியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் கேள்விகள் நாலுக்கும் விடை அங்கேதான் தொடங்குகிறது.

தென்னாப்பிரிக்காவில் எல்லாத் தகுதிகளையும் 10 படிகளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்.க்யூ.எஃப். என்று சொல்கிறோமே, அந்தத் தேசியத் தகுதிச் சட்டகம் இது. மூன்று வருட பி.ஏ., பி.எஸ்சி. ஏழாம் படி, 360 கிரெடிட். அந்தப் பட்டத்துக்குப் பிறகு தனியாகப் படிக்கும் ஹானர்ஸும் போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமாவும் எட்டாம் படி, குறைந்தது 120 கிரெடிட். மாஸ்டர்ஸ் ஒன்பது, குறைந்தது 180. டாக்டரேட் பத்து, 360. ஒரு கிரெடிட் என்றால் சராசரி மாணவருக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பில் உட்காரும் நேரம், வீட்டில் படிப்பது, கட்டுரை எழுதுவது எல்லாம் அதில் சேர்ந்ததுதான்.

உங்கள் பிஜிசிஇ இதில் எங்கே நிற்கிறது? பெயரில் போஸ்ட்கிராஜுவேட் என்று இருக்கிறது. பட்டத்துக்குப் பிறகுதான் படித்தீர்கள். 120 கிரெடிட் வாங்கினீர்கள். ஆனால் அது ஏழாம் படி. பி.எஸ்சி.யின் 360, பிஜிசிஇயின் 120, ஆக 480 கிரெடிட் உங்கள் கையில் இருக்கிறது. நாலு வருட பி.ஃபார்ம். படித்தவர் கையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் அவர் எட்டாம் படியில் நிற்கிறார், நீங்கள் ஏழில் நிற்கிறீர்கள். கிரெடிட் ஏறியிருக்கிறது, படி ஏறவில்லை. நாலு வருட பி.எட். படித்த உங்கள் சக ஆசிரியர்களுக்கும் இதே நிலைதான். எம்.எட்.டுக்கு விண்ணப்பித்து, "தகுதி போதாது" என்று ஒற்றை வரிப் பதில் வாங்கிக்கொண்டு மனம் உடைந்துபோன ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திறமை குறைவு என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள். குறைந்தது திறமை இல்லை. நடுவில் ஒரு படி இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அட்வான்ஸ்டு டிப்ளமா என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் பெரிய படிப்பு போலத் தோன்றும். அதுவும் ஏழாம் படிதான். ஜோகன்னஸ்பர்கில் இருக்கும் என் தம்பி ஒரு தனியார் கல்லூரியின் கவுண்டரில் "இது முடித்தால் மாஸ்டர்ஸ் போகலாம்" என்று சொன்னதை நம்பி, வேலை முடிந்த பிறகு இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போனான். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இனிமே மாஸ்டர்ஸ்தான்" என்றான். சான்றிதழை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். படி எண்ணைப் பார்த்ததும் எனக்கு நாக்கு எழவில்லை. மூன்று வருட பட்டம் ஏற்கெனவே வைத்திருந்தவன் அவன். இருந்த இடத்திலேயே இரண்டு வருடம் நின்றிருக்கிறான். பிறகு ஒரு போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமா செய்துதான் மேலே போனான். அந்த இரண்டு வருடத்தை அவனுக்கு யார் திருப்பித் தருவார்கள்? அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தப் படிப்பின் படி எண்ணையும் கிரெடிட்டையும் எழுத்தில் வாங்குங்கள். தனியார் நிறுவனம் என்றால், உயர்கல்வித் துறையில் பதிவு இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு உயர்கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று சாக்வா, அதாவது தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள்.

உங்களுக்கு முன்னால் இருக்கும் அடுத்த படி, அப்படியென்றால், பி.எட். ஹானர்ஸ் அல்லது கல்வித்துறை போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமா. வேலை பார்த்துக்கொண்டே செய்தால் பெரும்பாலும் இரண்டு வருடம். 120 கிரெடிட் என்றால் 1,200 மணி நேரம். வருடத்துக்கு 40 வாரம் என்று வைத்தால் இரண்டு வருடத்தில் 80 வாரம், வாரத்துக்கு 15 மணி நேரம். இந்த 15 மணி நேரத்தை எங்கிருந்து எடுக்கப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பை விடப்போகிறீர்களா, பிள்ளைகள் தூங்கிய பிறகா, விடியற்காலையா? வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து அந்தத் தாளைக் காட்டுங்கள். படிப்பு பாதியில் நின்றுபோன கதைகளில் பெரும்பாலானவை பாடம் புரியாமல் நின்றவை இல்லை. இந்தத் தாளை எழுதாமல் தொடங்கியவை.

ஹானர்ஸா டிப்ளமாவா என்றால் நான் ஹானர்ஸைத்தான் சொல்வேன். காரணம் அதில் கட்டாயம் இருக்கும் ஆராய்ச்சிப் பகுதி. டிப்ளமா வைத்துக்கொண்டு மாஸ்டர்ஸுக்கு வந்தவர்கள் ஆராய்ச்சி முறை தெரியாமல் முதல் வருடம் முழுக்கத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். எம்.பி.ஏ. பக்கம் போக முடிவு செய்தால் மட்டும் டிப்ளமா பொருத்தம்.

இப்போது சேர்த்துப் படிக்கும் விஷயம். அமெரிக்காவில் அது எப்படி நடக்கிறது என்றால், இரண்டு துறைகள் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு, சில பாடங்களை இரண்டு பட்டத்துக்கும் பொதுவாக எண்ணிக்கொள்கின்றன. சட்டம் 3 வருடம், எம்.பி.ஏ. 2 வருடம், தனித்தனியாக 5. சேர்த்துப் படித்தால் வழக்கமாக 4. மருத்துவத்தையும் பிஎச்.டி.யையும் சேர்த்துப் படிக்கும் திட்டங்களுக்கு அந்த நாட்டு தேசிய சுகாதார நிறுவனம் 1964 முதல் பணம் கொடுத்துவருகிறது. உங்கள் சித்தி மகள் படிப்பது அந்த மரபில் வந்தது.

இங்கே அந்தப் பழக்கம் மாஸ்டர்ஸ் அளவில் வேர்விடவில்லை. முடித்த ஒரு பட்டத்தின் கிரெடிட்டில் பாதிக்கு மேல் இன்னொன்றுக்கு எடுத்துப்போக முடியாது. புதிய பட்டத்திலும் பாதிக்கு மேல் பழைய கிரெடிட்டாக இருக்கக் கூடாது. சட்டகத்தின் விதியே இது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்களுக்குப் பதிவு செய்ய வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் தனி அனுமதி வேண்டும். வேலையில் இருப்பவருக்கு அந்த அனுமதி கிடைத்து நான் பார்த்தது அபூர்வம். ஆக எம்.எட்.டும் எம்.பி.ஏ.வும் சேர்த்துப் படித்தால் உங்களுக்கு மிச்சமாவது எதுவும் இல்லை. இரட்டைச் சுமைதான். வேண்டாம்.

நம் நாட்டில் சேர்க்கை வேறு இடங்களில் இருக்கிறது. மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி எடுப்பவர்கள் எம்.மெட். என்ற மருத்துவ மாஸ்டர்ஸும் ஆராய்ச்சியும் கலந்தே செய்கிறார்கள். 2011-லிருந்து ஆராய்ச்சிப் பகுதியை முடிக்காமல் அவர்களால் சிறப்பு மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது. ஸ்டெல்லன்போஷ் போன்ற பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு டாக்டரேட் கொடுக்கின்றன. மாணவர் ஒருவர், தீசிஸ் ஒன்று, இரண்டு பக்கமும் சூப்பர்வைசர்கள். இதெல்லாம் உங்களுக்கு இப்போது தேவைப்படாது.

உங்களுக்குப் பயன்படுவது துறைகளுக்கு நடுவில் நிற்கும் மாஸ்டர்ஸ். சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் திருப்பிக் கேட்பேன்: உங்களுக்கு இரண்டு பட்டம் வேண்டுமா, இரண்டு துறையின் அறிவு வேண்டுமா? பத்தில் ஒன்பது பேருக்கு வேண்டியது இரண்டாவதுதான். அதற்கு ஒரே பட்டம் போதும். எம்.எட்.டிலேயே கல்வி நிர்வாகம், தலைமை என்று பிரிவுகள் உண்டு. ஒரு பள்ளியை நடத்த உங்களுக்கு எம்.பி.ஏ. கொடுப்பதைவிட அது அதிகம் கொடுக்கும். எம்.ஃபில். என்ற பெயரைத் தமிழ்நாட்டில் படித்தவர்கள் வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள். இங்கே அது முழு மாஸ்டர்ஸ், ஒன்பதாம் படி. கேப்டவுன், ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகங்களில் பல துறைகள் கலந்த படிப்புகளுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மாஸ்டர்ஸிலும் வகை உண்டு. முழுக்க தீசிஸ் எழுதுவது ஒன்று. பாதி பாடம், பாதி குறு தீசிஸ் என்பது இன்னொன்று. அதில் குறு தீசிஸ் குறைந்தது 60 கிரெடிட். 2013-இல் வந்த சட்டகம் தொழில்முறை மாஸ்டர்ஸ், தொழில்முறை டாக்டரேட் என்று இரண்டு புது வகைகளையும் சேர்த்தது. தொழில்முறை டாக்டரேட்டில் பாடங்களும் வேலை சார்ந்த பயிற்சியும் இருக்கலாம், ஆனால் குறைந்தது 60 சதவீதம் ஆராய்ச்சி. தனியாக உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லாத, வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஓடுகிறவருக்குப் பாடம் கலந்த மாஸ்டர்ஸ்தான் நல்லது. வகுப்பு இருந்தால் தேதி இருக்கும். தேதி இருந்தால் வேலை நடக்கும்.

நேராக டாக்டரேட்? ஏழாம் படியிலிருந்து முடியாது. ஆனால் பின்னால் உங்களுக்கு உதவும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. முழு ஆராய்ச்சி மாஸ்டர்ஸில் பதிவு செய்து, வேலை நன்றாகப் போய், விஷயம் டாக்டரேட் அளவுக்குப் பெரிதாக இருக்கிறது என்று சூப்பர்வைசரும் உயர்பட்டக் குழுவும் ஒத்துக்கொண்டால், அந்தப் பதிவையே டாக்டரேட்டாக உயர்த்தும் வழி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அப்படி மாறினால் கையில் வருவது டாக்டரேட் ஒன்றுதான், மாஸ்டர்ஸ் தனியாக வராது. நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். இதழ்களில் வெளியான கட்டுரைகளைக் கோத்து டாக்டரேட் தீசிஸாகக் கொடுக்கவும், சில துறைகளில் இசை, நாட்டியம், கண்காட்சி போன்ற படைப்புகளை ஆராய்ச்சியின் ஒரு பகுதியாகக் காட்டவும் சட்டகத்தில் இடம் இருக்கிறது. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் டோங்காட்டிலும் இத்தனை வருடமாகப் பரதமும் தெருக்கூத்தும் சொல்லிக்கொடுப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

அனுபவத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஆர்.பி.எல்., அதாவது முன்னே கற்றதை ஏற்றுக்கொள்வது. இதைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டு தப்பான எண்ணம் இருக்கிறது. ஒன்று, அனுபவத்தைக் காட்டினால் பட்டமே கொடுத்துவிடுவார்கள் என்பது. கொடுக்க மாட்டார்கள். வாசல் கதவைத்தான் திறப்பார்கள். மற்றது, அது பேருக்குத்தான் இருக்கிறது, யாருக்கும் கிடைக்காது என்பது. அதுவும் தப்பு. கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி, பட்டமே இல்லாத அனுபவசாலிகளை இந்த வழியில் போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமாவில் சேர்த்துக்கொள்வதற்குப் பெயர் பெற்றது. ஆனால் இடம் குறைவு. ஒரு படிப்பில் சேரும் மாணவர்களில் 10 சதவீதத்துக்கு மேல் இந்த வழியில் எடுக்கக் கூடாது என்று உயர்கல்விக் கவுன்சிலின் 2016 கொள்கை சொல்கிறது.

வடக்குக் கடற்கரைப் பக்கத்து சர்க்கரை ஆலை ஒன்றிலிருந்து ஒரு ஃபோர்மன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நெற்றியில் விபூதி, கையில் ஒரு அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் இருபது வருடத்து லாக் புத்தகங்கள். பாய்லர் வெப்பநிலை, அழுத்தம், எந்த ஷிஃப்டில் எது பழுதானது, எப்படிச் சரிசெய்தார்கள், எல்லாம் பென்சிலில். பக்க ஓரங்களில் கருப்பஞ்சாறு பட்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. "சார், என்கிட்ட இருக்கிறது இதுதான்" என்றார். அந்தப் பெட்டியை அப்படியே கொடுத்தால் குழு திரும்பிக்கூடப் பார்க்காது. எழுத வேண்டியது வேறு. ஒரு பழுதை எடுத்துக்கொண்டு, அன்று என்ன நடந்தது, என்ன முடிவு எடுத்தீர்கள், ஏன், அதிலிருந்து என்ன கற்றீர்கள், அது இந்தப் படிப்பின் எந்தப் பகுதிக்குச் சமம் என்று எழுத வேண்டும். அவர் மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அவர் பெண்தான் தட்டச்சு செய்து கொடுத்தாள். 1999-இல் ஒரு இரவு நடந்த விபத்தை அவர் எழுதிய நாலு பக்கத்தைப் படித்துவிட்டு, எங்கள் பேராசிரியர் ஒருவர், இதை என் மாணவர்களுக்குப் பாடமாகக் கொடுப்பேன் என்றார். இடம் கிடைத்தது.

உங்களுக்கு ஆர்.பி.எல். கண்டிப்பாகத் தேவை என்று நான் நினைக்கவில்லை. ஹானர்ஸுக்கு உங்கள் பட்டங்களே போதும். ஆனால் அந்த ஃபோர்மன் செய்ததை நீங்களும் செய்யுங்கள். 16 வருடத்தில் உங்கள் வகுப்பில் நடந்த ஒன்றை எடுத்து நாலு பக்கம் எழுதுங்கள். சூப்பர்வைசரைத் தேடும்போது அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பணம். இதில் நல்ல செய்தி குறைவு. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் மாணவர் பர்சரிகளுக்கு, அதாவது உதவித்தொகைகளுக்கு, வயது வரம்பு வைத்திருக்கிறார்கள்: ஹானர்ஸுக்கு 28, மாஸ்டர்ஸுக்கு 30, டாக்டரேட்டுக்கு 32. உங்களுக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது. தாமதமாகப் படிக்க வருபவர்கள் யார் என்று பார்த்தால், பிள்ளை பெற்று வளர்த்த பெண்களும், தம்பி தங்கைகளைப் படிக்க வைத்துவிட்டு வந்த மூத்தவர்களும்தான். அவர்களை இந்த வரம்பு வெளியே நிறுத்துகிறது. இது நியாயமில்லை என்று வேலையில் இருந்தபோதே கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்வேன். மிச்சமிருக்கும் வழிகள்: உங்கள் பல்கலைக்கழகமே கொடுக்கும் கட்டணச் சலுகை, மாகாணக் கல்வித் துறையில் பணியில் இருப்பவர்களுக்கான பர்சரி, கல்வித் துறைக்கான சீட்டா என்ற திறன் பயிற்சி அமைப்பு. பெரிய சம்பளப் பட்டியல் உள்ள முதலாளிகள் சம்பளத் தொகையில் ஒரு சதவீதத்தைத் திறன் வரியாகக் கட்டுகிறார்கள். சீட்டாக்கள் நடப்பது அந்தப் பணத்தில்தான். கேட்பவர்களுக்குத்தான் அது போகிறது. உங்கள் பள்ளி முதல்வரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு கேளுங்கள்.

இந்தியாவில் பட்டம் வாங்கிவிட்டு இங்கே வந்திருக்கும் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சான்றிதழை முதலில் சாக்வாவுக்கு அனுப்பி மதிப்பீடு வாங்க வேண்டும். அங்கே பலரும் மாட்டிக்கொள்வது பெயரில். சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக, திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர் வேறு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்து முதல் விண்ணப்பத்திலேயே இணைத்துவிடுங்கள், மாதக்கணக்கில் மிச்சமாகும்.

வயது போய்விட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால், நம் ஊரில் நம் ஆட்கள் எப்படிப் படித்தார்கள் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். 1936-இல் மேபல் பாமர் அம்மையாரின் முயற்சியில் நட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வெள்ளையரல்லாதவர்களுக்குப் பகுதி நேர வகுப்புகளைத் தொடங்கியபோது, அவை நடந்தது சாஸ்திரி கல்லூரியின் கட்டடத்தில். பெயரில் கல்லூரி என்றிருந்தாலும், வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியின் பெயரைத் தாங்கிய பள்ளி அது. பகலில் பாடம் எடுத்த ஆசிரியர்கள் அந்த வகுப்புகளில் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். 1961-இல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்தில் இருக்கும் சாலிஸ்பரி தீவில் கல்லூரி வைத்தபோது, பழைய கடற்படைக் கொட்டகைகளில் படிக்கப் பிள்ளைகள் ஃபெர்ரி ஏறிப் போனார்கள். என் அப்பா மெர்பேங்கில், பகலில் துணிக்கடைக் கணக்கு எழுதிவிட்டு, இரவில் தபால் வழிப் பல்கலைக்கழகமான யூனிசாவில் பி.ஏ. படித்தார். அம்மா அடுப்படி மேசையைத் துடைத்து, எண்ணெய்த் துணி விரித்துக் கொடுப்பார். ஒன்பது மணிக்கு அப்பா எழுத உட்காருவார். திருத்தி வந்த கட்டுரைகள் பழுப்பு உறையில் வரும். உறையைப் பிரிக்கும் முன் சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் வைப்பார். எட்டு வருடம் ஆனது. நம் சமூகத்தில் படித்தவர்களில் பெரும்பாலோர் இப்படிச் சுற்றி வந்தவர்கள்தான், டீச்சர்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். "சனிக்கிழமைப் பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு என்று தமிழில் சொல்லும்போது இடமதிப்பு சட்டென்று புரிகிறது, திங்கட்கிழமை இங்கிலீஷில் அதே பிள்ளை தர்ட்டீனையும் தர்ட்டியையும் குழப்பிக்கொள்கிறது." இதை நான் மூன்று தடவை படித்தேன். தமிழில் பதினொன்றுக்குள் பத்தும் ஒன்றும் கண்ணெதிரே இருக்கின்றன. உங்கள் திங்கட்கிழமை வகுப்பில் இருக்கும் ஸூலு பிள்ளைகளின் மொழியிலும் அப்படியே: இஷூமி நன்யே, பத்தும் ஒன்றும். இருபது நமக்கு இரு பத்து, அவர்களுக்கு அமஷூமி அமபிலி, பத்துகள் இரண்டு. இங்கிலீஷின் இலெவனில் பத்தும் தெரியாது, ஒன்றும் தெரியாது. தமிழிலும் தொண்ணூறு வந்தால் நூறு எட்டிப் பார்க்கும், பிள்ளைகள் அங்கே என்ன செய்கிறார்கள் என்றும் கவனியுங்கள். மூன்று மொழியும் ஒரே ஆசிரியரின் காதில் விழுகிற வகுப்பறை டர்பனில்தான் கிடைக்கும். ஹானர்ஸ் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இது தாராளம், மாஸ்டர்ஸுக்கும் வளரும்.

அந்த நாலு பக்கத்தை இதைப் பற்றியே எழுதுங்கள். கூடவே உங்கள் பழைய பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் பட்டியலுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள், வர நாளாகும். கணக்குக் கல்வியில் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்கள் இரண்டு பேரின் பெயரைப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் தேடி, நாலு பக்கத்தை இணைத்து, பத்து வரியில் மின்னஞ்சல் போடுங்கள். அதில் உங்கள் வயதைக் குறிப்பிட வேண்டாம். 16 வருடம் என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.